செத்தவர் எங்கே போனார் என்பதை அவர் வீட்டார் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் பகுதியில் காலமான ஓர் இமாமைப் பற்றிச் செய்தி வந்திருந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தீர்கள், ஆனால் கடைசி வரியில் "அன்னாரது உடல் இன்று மாலை தகனம் செய்யப்படுகிறது" என்று போட்டுவிட்டீர்கள். நிருபர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், எல்லாச் சாவுச் செய்திக்கும் கடைசியில் ஒட்டுகிற அந்த வரி கணினியில் தயாராகவே இருந்திருக்கும். அதே வாரம், உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு பகுத்தறிவாளர் உங்கள் பக்கத்தில் "இறைவனடி சேர்ந்தார்". ஆயுசு முழுக்க இறைவன் இல்லை என்று மேடை போட்டுப் பேசிய மனிதரைக் கடைசியில் அந்த இறைவன் காலடியிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டீர்களே, இது நியாயமா?

நான் நாகப்பட்டினத்தில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைகளில் பாதியை வாட்ஸ்அப் தின்றுவிட்டது, இப்போது எங்களுக்குச் சோறு போடுவது கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் கருமாதிப் பத்திரிகையும்தான். வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி, ஊருக்குள் காயாரோகணர் கோயிலும் சௌந்தரராசப் பெருமாள் கோயிலும் என்று இருக்கிற ஊர் இது. அதனால் எல்லா வீட்டுச் சாவும் என் மேசைக்கு வந்துதான் போகும். அவர்கள் எழுதிக்கொண்டு வருகிற வாசகத்தில் எழுத்துப்பிழை இருந்தால் கேட்டுத் திருத்துவேன், சொல்லை மாற்ற மாட்டேன். சாவுக்கு நம் ஊரில் இத்தனை சொல் இருப்பது அலங்காரத்துக்கு என்று உங்கள் அலுவலகத்தில் யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அலங்காரம் இல்லை சார். போனவர் எங்கே போனார், யார் தயவில் போனார், திரும்பி வருவாரா மாட்டாரா என்பதைப் பற்றி அந்த வீட்டார் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

வைணவர் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் "ஆசாரியன் திருவடி அடைந்தார்" என்று எழுதித் தருவார்கள், இல்லாவிட்டால் "பரமபதித்தார்", "திருநாட்டுக்கு எழுந்தருளினார்". உங்கள் ஆட்கள் இதை "இறைவனடி சேர்ந்தார்" என்று மாற்றிவிடுகிறார்கள், எல்லாம் ஒன்றுதானே என்று. ஒன்று இல்லை. தன் தகுதியால் யாரும் பெருமாளிடம் போய்ச் சேர முடியாது, ராமானுஜரிலிருந்து தன் ஆசாரியர் வரை வருகிற அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆசாரியனை எடுத்துவிட்டால் அவர்கள் கணக்கில் வழியே போய்விட்டது. சைவர் வீட்டில் "சிவலோக பதவி" என்பார்கள், சில வீடுகளில் மட்டும் "சிவசாயுச்சியம்" என்று போடச் சொல்லிப் பிடிவாதமாக நிற்பார்கள். சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறி, அவற்றுக்குப் பலன் சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என்று நான்கு. சிவன் உலகத்தில் இடம் கிடைப்பது முதலாவது, அவனோடு ஒன்றிப்போவது கடைசி. அந்த வீட்டுப் பெரியவர் ஞானநெறியில் நின்றவர் என்றால் அவரை முதல் படியிலேயே நிறுத்திவைப்பதைப் பிள்ளைகள் எப்படி ஒத்துக்கொள்வார்கள்?

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மார்கழி வந்தாலே எரிச்சலாக இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி அன்று "ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பு" என்று எட்டுப் பத்தித் தலைப்பு. கோயிலில் அதற்குப் பெயர் பரமபத வாசல். சொர்க்கம் என்பது இந்திரன் இருக்கிற இடம். செய்த புண்ணியம் தீர்ந்ததும் அங்கிருந்து திரும்ப மண்ணுக்கு வந்தாக வேண்டும் என்று கீதை ஒன்பதாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. வைணவர் கேட்பது அதை இல்லை, திரும்பி வராத ஊரை. வைகுண்ட ஏகாதசியில் தொடங்கும் இராப்பத்து விழாவின் கடைசி நாளில் நம்மாழ்வார் மோட்சம் என்று ஒரு முழு நிகழ்ச்சியே நடத்துகிறார்கள், அவர் என்ன சொர்க்கத்துக்கா போகிறார்? பேச்சில் ஜனங்கள் சொர்க்கவாசல் என்று சொல்லிக்கொள்ளட்டும், நானும் சொல்கிறேன், ஆனால் ஆன்மிக இணைப்பு என்று தனியாக நான்கு பக்கம் போட்டு அதில் உரைநடை விளக்கம் எழுதுகிறவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா. கிறிஸ்தவர்கள் சொல்லும் பரலோகமும் முஸ்லிம்கள் சொல்லும் சுவனமும் முடிவில்லாதவை, இந்தச் சொர்க்கம் தவணைக்குக் கிடைப்பது. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் மூன்று பேருக்குமே தப்பாகிவிடுகிறது.

நாகூர்க்காரர்கள் கொண்டுவரும் தாளில் முதல் வரி அரபியில் இருக்கும், "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்". நாம் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்கிறவர்கள் என்று அர்த்தம். குர்ஆனில் இரண்டாம் அத்தியாயம் 156ஆம் வசனம். இதைச் சாவுக்கு மட்டும்தான் சொல்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், எந்தத் துன்பம் வந்தாலும் சொல்வதுதான் அது. அதற்கடுத்து சில பழைய குடும்பங்களில் "தாருல் ஃபனாவை விட்டு தாருல் பகாவை அடைந்தார்கள்" என்று வரும். அழியும் வீட்டிலிருந்து நிலைத்த வீட்டுக்கு என்று பொருள், எனக்கு இந்த வரி எப்போதும் பிடிக்கும். அப்புறம் ஜனாஸா தொழுகை எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளியில், எந்த மையவாடியில் (அடக்கத்தலத்தில்) நல்லடக்கம் என்கிற விவரம். ஜனாஸா தொழுகையை நின்றுகொண்டேதான் தொழுவார்கள், குனிவதும் கிடையாது, நெற்றியைத் தரையில் வைப்பதும் கிடையாது. "இஸ்லாமிய முறைப்படி இறுதிச் சடங்குகள் நடைபெற்றன" என்று நீங்கள் எழுதுகிற இடத்தில் இந்தச் சொற்களைப் போட்டால் போதும், அவை எல்லாம் தமிழ் முஸ்லிம்கள் வீட்டில் புழங்குகிற சொற்கள்தான், நல்லடக்கம் என்பதைவிட நல்ல தமிழ் எங்கே கிடைக்கும்? மூன்றாம் நாள் ஃபாத்திஹா, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். சில குடும்பங்கள் ஓதுவார்கள், சில குடும்பங்கள் மார்க்கத்தில் இல்லாதது என்று மறுப்பார்கள், இரண்டு பேருமே என் வாடிக்கையாளர்கள்.

கிறிஸ்தவர்கள் விஷயத்தில்தான் நீங்கள் ரொம்பவே குழப்பிக்கொள்கிறீர்கள், காரணம் நீங்கள் எல்லாரையும் ஒரே சபையாக நினைக்கிறீர்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பார்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் இறந்தவர்களை நித்திரையடைந்தவர்கள் என்றுதான் சொல்கிறார். தூங்குகிறவர் எழுந்திருப்பார், ஒருநாள் எக்காளம் ஊதும்போது எழுந்திருப்பார் என்பது அதற்குள் இருக்கிற நம்பிக்கை. கத்தோலிக்க வீட்டில் "ஆண்டவரில் இளைப்பாறினார்" என்று வரும், அடக்கத் திருப்பலி, முப்பதாம் நாள் திருப்பலி என்று தொடரும். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? இறந்தவருக்காக உயிரோடிருப்பவர் ஜெபிக்கலாமா கூடாதா என்பதிலும்தான் பாதி ஐரோப்பா பிரிந்துபோனது. உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே ஆன்மாக்கள் சுத்தமாகிக்கொண்டிருக்கின்றன, நாம் ஜெபித்தால் அவற்றுக்கு உதவும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை, அதனால்தான் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று அவ்வளவு மெழுகுவர்த்தி. அந்த ஆன்மாக்களின் பெயரைச் சொல்லிப் பலன் பத்திரம், அதாவது பாவமன்னிப்புச் சீட்டு, விற்றதை எதிர்த்துத்தான் 1517இல் மார்ட்டின் லூதர் கிளம்பினார். அப்படிக் கிளம்பிய வழியில் வந்த சி.எஸ்.ஐ. போன்ற சபையார் வீட்டில் இறந்தவருக்காக ஜெபிக்க மாட்டார்கள், குடும்பத்தாரின் ஆறுதலுக்காகத்தான் ஜெபிப்பார்கள். அவர்கள் வீட்டுச் செய்தியில் போய் "அன்னாரது ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திப்போம்" என்று முடித்தால் அந்த ஐயர் படித்துவிட்டு என்ன நினைப்பார்? (தென்மாவட்டங்களில் சி.எஸ்.ஐ. குருவானவரையும் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள், அதையும் ஒருமுறை நீங்கள் சாதிப் பெயர் என்று நினைத்து வெட்டிவிட்டீர்கள்.)

பேராயர் என்ற சொல்லிலும் இதே கூத்து. சி.எஸ்.ஐ.யில் பேராயர் என்றால் பிஷப். கத்தோலிக்கரில் பிஷப்புக்கு ஆயர் என்று பெயர், பேராயர் என்றால் அதற்கு மேலே ஆர்ச்பிஷப். சில சபைகளில் சாதாரண போதகரையே ஆயர் என்பார்கள். ஒரே மேடையில் மூன்று பேரும் உட்கார்ந்தால் உங்கள் படவிளக்கத்தில் யாருக்காவது பதவி உயர்வோ பதவியிறக்கமோ நிச்சயம்.

இந்த "ஆன்மா சாந்தியடையட்டும்" விஷயத்தை இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார், அதே வருஷம் டிசம்பர் 6இல் காலமானார். அந்த நாளை அவரைப் பின்பற்றுகிறவர்கள் மகாபரிநிர்வாண தினம் என்கிறார்கள். நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது புத்தர் சொன்னவற்றில் அடிப்படையான ஒன்று. அந்த வழிக்குப் போனவரின் நினைவு நாளில், ஒரு கட்சிக்காரர் தந்த அறிக்கையை அப்படியே எடுத்து "அண்ணலின் ஆன்மா சாந்தியடைய" என்று போட்டிருந்தீர்கள். நிர்வாணம் என்றாலே நம் ஊரில் உடை இல்லாமல் நிற்பது என்று ஆகிவிட்டதால் அந்தச் சொல்லைத் தொடவே உங்களுக்குக் கூச்சம் என்பது புரிகிறது. நிர்வாணம் என்றால் அணைதல். ஆசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று நெருப்பும் அணைந்துபோவது. அது செத்தால் வருவதும் இல்லை, புத்தர் கயையில் அதை அடைந்தபோது அவருக்கு வயது 35 என்பார்கள், அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம் ஊர் ஊராக நடந்து பேசியிருக்கிறார். எண்பதாவது வயதில் குசிநகரில் உடலும் விழுந்தது பரிநிர்வாணம். இதெல்லாம் எங்கோ வடக்கே உள்ள சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் சூடாமணி விகாரம் என்று ஸ்ரீவிஜய அரசர் கட்டிய பௌத்தப் பள்ளி இருந்தது, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்குக் கொடுத்தான், அதில் மிச்சமிருந்த கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள்.

சமணர்களுக்கு நடப்பது இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே சொல் தப்பினால் போலீஸ் கேஸ் ஆகிவிடும். வயதாகி, இனி உடம்பு தேறாது என்ற நிலையில், குருவிடம் அனுமதி கேட்டு, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, யார் மேலும் பகை இல்லாமல் உடலை விடுவது சல்லேகனை. வடக்கே சமணரில் ஒரு பிரிவினரான சுவேதாம்பரர்கள் சந்தாரா என்பார்கள். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 10 அன்று இதைத் தற்கொலையாகவே கருத வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்க சமணர்கள் வாய்பேசாமல் ஊர்வலம் போனார்கள், அதே மாதம் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. அது தெரியாமல் இன்னமும் "பட்டினி கிடந்து தற்கொலை செய்துகொண்ட மூதாட்டி" என்று தலைப்புப் போடுகிறீர்கள். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர் குன்றில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. 57 நாள் உண்ணாமல் நோற்ற சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நிசீதிகை (உண்ணாமல் நோற்று உயிர்விட்ட இடம்) அது என்று பாறையில் வெட்டியிருக்கிறார்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும் பிசிராந்தையார் வந்து சேர்ந்ததும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே, அங்கே மட்டும் "வடக்கிருத்தல்" என்று கௌரவமாகச் சொல்வோம், ஆரணி பக்கத்து நயினார் (தமிழ்ச் சமணர்) வீட்டுப் பாட்டி செய்தால் மட்டும் தற்கொலையா? சட்டம் என்ன சொல்லும் என்பது நீதிமன்றத்தின் பாடு, சல்லேகனை கூடாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் எழுதுங்கள். ஆனால் நடந்ததற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரை முதலில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

வள்ளலார் விஷயமும் கிட்டத்தட்ட இதேதான். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வழி நிற்கும் சன்மார்க்கிகள் அதை மரணம் என்று சொல்வதில்லை, சித்தி என்பார்கள். மரணமிலாப் பெருவாழ்வு பேசியவருக்கு "நினைவு நாள்" என்று பெட்டிச் செய்தி போடுவது அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள். சமாதி என்ற சொல்லையும் இப்படித்தான் படுத்துகிறோம். யோகத்தில் எட்டாவது அங்கம் அது, உயிரோடு இருக்கும்போதே கைகூட வேண்டியது. சித்தர்கள் அந்த நிலையில் அடங்கிய இடத்தை ஜீவசமாதி என்றார்கள், அப்புறம் எந்தக் கல்லறையும் சமாதி என்றாகி, இப்போது மெரினாவில் தலைவர்கள் அடக்கமான இடங்களும் சமாதிதான். ஜனங்கள் சொல்வதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் மந்திராலயத்தில் ராகவேந்திரர் இருப்பது பிருந்தாவனம், சங்கர மடத்துத் துறவிகளுக்கு அதிஷ்டானம், வைணவ ஆசாரியர்களுக்குத் திருவரசு, நாகூரில் தர்கா. எல்லா இடத்திலும் "சமாதியில் பக்தர்கள் வழிபாடு" என்று ஒரே அச்சு வார்த்தை எதற்கு?

நினைவு நாள்களைப் பற்றி நினைத்தால் எனக்கு வேறொரு ஆச்சரியம். ஆழ்வார்களுக்குப் பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டாடுவார்கள், நாயன்மார்களுக்கு முக்தி பெற்ற நட்சத்திரத்தைத்தான், அதற்குத்தான் குருபூஜை என்று பெயர். கத்தோலிக்கத் திருச்சபையும் புனிதர்களுக்குப் பெரும்பாலும் இறந்த நாளையே திருநாளாக வைத்திருக்கிறது, அது அவர்கள் விண்ணகத்தில் பிறந்த நாள் என்று கணக்கு. இயேசு, மாதா, திருமுழுக்கு யோவான் மூவருக்கு மட்டும் மண்ணில் பிறந்த நாளும் உண்டு, வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8 அப்படி மாதாவின் பிறந்தநாள்தான். நாகூரில் கந்தூரி என்று நாங்கள் சொல்வதை மற்ற ஊர்த் தர்காக்களில் உரூஸ் என்பார்கள், அரபியில் அதற்குத் திருமணம் என்று பொருள், இறைநேசர் இறந்த நாள் அவர் இறைவனோடு சேர்ந்த நாள். ஆக மூன்று சமயத்துக்காரர்களும் கொண்டாட்டமாக வைத்திருக்கிற நாளை நீங்கள் "நினைவு தினம் அனுசரிப்பு" என்று துக்க வீட்டுத் தொனியில் எழுதுகிறீர்கள். குருபூஜை மட்டும் பசும்பொன் புண்ணியத்தில் தப்பித்தது, அங்கே முத்துராமலிங்கத் தேவருக்குப் பிறந்த நாளும் மறைந்த நாளும் அக்டோபர் 30 என்று ஒன்றாகவே அமைந்துவிட்டது.

தியாகி என்ற சொல்லையும் பார்த்துப் போடுங்கள். காட்டாடிமலையில் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே மாதம் வத்திக்கானில் புனிதர் நிலை அறிவித்தார்கள். கத்தோலிக்கர் அவரை மறைசாட்சி என்கிறார்கள், மற்ற சபையார் இப்படிப்பட்டவர்களை இரத்தசாட்சி என்பார்கள். கிரேக்கத்தில் மார்ட்டிர் என்றாலும் சாட்சி, அரபியில் ஷஹீத் என்றாலும் சாட்சி. எதையோ விட்டுக்கொடுத்தவர் தியாகி, கண்டதைக் கண்டேன் என்று சாகும்வரை சொன்னவர் சாட்சி. அவர்களே தமிழில் இவ்வளவு சரியான சொல்லை வைத்திருக்கும்போது நீங்கள் ஏன் சுதந்திரப் போராட்ட ஓய்வூதியப் பட்டியலில் இருப்பதுபோல் தியாகி தேவசகாயம் என்று எழுத வேண்டும்?

கடைசியாக நம் பகுத்தறிவாளருக்கு வருகிறேன். அவர்களுக்கும் ஒரு சொல் இருக்கிறது, "இயற்கை எய்தினார்". இறைவன், பதவி, லோகம் எதுவும் வேண்டாம், வந்த இடத்துக்கே போனார், அவ்வளவுதான் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்த சொல் அது. அதுவும் ஒரு கொள்கைதான், அதற்கும் அதே மரியாதை வேண்டும். அதை விட்டுவிட்டு, அழகாக இருக்கிறதே என்று "லாரி மோதி இயற்கை எய்தினார்" என்று ஒருமுறை போட்டிருந்தீர்கள், அதில் இயற்கை எங்கே இருக்கிறது சார், லாரிதான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. செய்தியில் "காலமானார்" என்று போடுங்கள், அது யாருக்கும் பொருந்துகிற சொல், யாரையும் எங்கேயும் அனுப்பாது. குடும்பத்தார் காசு கொடுத்துப் போடுகிற விளம்பரத்தில் அவர்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே விடுங்கள், உங்கள் பிழைதிருத்துபவருக்குப் புரியாத சொல் இருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள், துக்க வீட்டில் இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இது என் தொழில் அனுபவம். உங்கள் விளம்பரக் கவுன்டரில் கொடுக்கிற படிவத்தில் மேலே அச்சிட வேண்டிய சின்னம் என்று ஓம், சிலுவை, பிறை மூன்றுதான் இருக்கிறது. சமணர் வீட்டிலிருந்து வந்த ஒருவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஓம் மேல் டிக் அடித்துவிட்டு என்னிடம் வந்து புலம்பினார். நான்காவதாக ஒன்றும் அச்சடிக்காத வெற்றுக் கட்டம் ஒன்று சேர்த்துவிடுங்கள், வேண்டியவர்கள் வேண்டியதை வரைந்துகொள்ளட்டும், எதுவும் வேண்டாம் என்பவர்கள் அப்படியே விட்டுவிடட்டும்.

இப்படிக்கு,
அச்சகம் நடத்தும் ஒரு வாசகர்,
நாகப்பட்டினம்